கொல்லர் நந்தர் தந்த பாதை

(தாராவிப் பௌர்ணமிக் கூட்டத்தில் ஆற்றிய தம்ம உரை)



திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி அமர்ந்திருக்கின்றோம். முதற் சீலம் யாது? உயிர்க்கொலையினின்றும் விலகி நிற்றல். இதனை நாள்தோறும் நாவினாற் சொல்லுகின்றோம். கத்தியைக் கையில் எடாமலிருந்தால் அச்சீலம் நிறைவேறிவிட்டதென்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வளவு எளிதன்று. மிதிக்கும் காலினாலும் கொல்லலாம். வீசியெறிந்த குப்பையினாலும் கொல்லலாம். கவனக் குறைவினாலும் கொல்லலாம். அத்தகைய குற்றத்திற்கு உள்ளானவர்களுள் யாமும் ஒருவர் என்பதை முதற்கண் ஒப்புக்கொண்டு, அதன் பின்னரே இன்று பேசத் துணிகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வைசாகப் பௌர்ணமியன்று தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய இடங்களிலிருந்து நாற்பது பேர் கன்ஹேரிக் குகைகளுக்கு யாத்திரை சென்றோம். மாஹிமில் இரயிலேறிப் போரிவலியில் இறங்கி, காட்டின் வாயிலைக் கடந்து மலைக்குச் சென்றோம். பெண்கள் புளிச்சோறு கட்டி வந்திருந்தனர். பஞ்சசீலத்தின் விளக்கத்தைத் துண்டுப் பிரசுரமாக அச்சிட்டு, அதன் தலைப்பில் தம்மச் சக்கரமும் பொறித்துக் கொண்டுபோயிருந்தோம். பெருஞ் சைத்தியத்தின் முன் அமர்ந்து, ஜீவகாருண்யத்தைப் பற்றி யாம் ஒரு மணி நேரம் பேசினோம். எல்லோரும் மகிழ்ந்தனர். எமக்கும் நன்றாகப் பேசினோம் என்ற நினைப்பு உண்டாயிற்று.

இறங்கி வரும்போது, பாதையோரத்தில் ஒரு புள்ளிமான் எதையோ மென்றுகொண்டிருக்கக் கண்டோம். காட்டுக் காவற்பணியிலிருந்த ஆதிவாசி சகோதரர் ஒருவர் ஓடிவந்து, கையைத் தட்டி அதனை விரட்டி, அதன் வாயினின்றும் விழுந்த பிளாஸ்டிக் பையைக் கையில் எடுத்தார். உப்பும் புளியும் தோய்ந்த பை. அதனுள் எமது துண்டுப் பிரசுரம் ஒன்று எண்ணெயில் நனைந்து ஒட்டியிருந்தது. அவர் அதனை எம்மிடம் நீட்டி, "இது உங்களுடையதுதானே, காகா?" என்று மராத்தியில் கேட்டார். அவர் குரலில் கோபமில்லை. அதுவே எமக்குத் தாங்கக் கூடாததாயிற்று.

அன்பர்களே! அசோகச் சக்கரவர்த்தியின் எட்டாம் பாறைச் சாசனத்தின் துண்டொன்று 1882-ஆம் ஆண்டில் இம்மும்பைக்கு வடக்கேயுள்ள சோபாராவில் பகவான்லால் இந்திராஜி என்னும் அறிஞரால் கண்டெடுக்கப்பட்டது. அச்சாசனம் கூறும் செய்தி யாதெனில், முன்னைய அரசர்கள் உல்லாசமாக வேட்டைக்குச் சென்று வந்தனர். அசோகரோ முடிசூடிப் பத்தாண்டு கழிந்தபின் போதியை அடைந்து, அதுமுதல் வேட்டைப் பயணத்தைக் கைவிட்டுத் தம்ம யாத்திரையை மேற்கொண்டார் என்பதாம். வேட்டையை யாத்திரையாக மாற்றினார் அவர். யாமோ அன்று யாத்திரையை வேட்டையாக மாற்றிவிட்டு வந்தோம். அம்மான் அப்பையை முழுவதும் விழுங்கியிருந்தால் அதன் குடல் அடைபட்டிருக்கும். எந்த வேடன் பெயரும் அதில் சேர்ந்திராது. எமது பிரசுரம் மட்டும் சேர்ந்திருக்கும்.

இனி, அக்காடு எத்தகையதென்று சிறிது அறிவோம். சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா எனப்படும் அக்காடு சுமார் 104 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. இத்தனை மக்கள் நெருங்கி வாழும் நகரத்தின் நடுவே சிறுத்தையும், மானும், கழுகும் வாழும் காடு உலகில் அரிது. அதன் நடுவே கருங்கல் மலையில் நூற்றுக்கு மேற்பட்ட குகைகள் குடையப்பட்டுள்ளன. கிறிஸ்து பிறப்பதற்கு முன் நூறாண்டளவில் தொடங்கி, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் பிக்குகள் அங்கு வாழ்ந்தனர். குகைகளின் அருகே மழைநீரைத் தேக்கும் தொட்டிகளைக் கல்லில் வெட்டியுள்ளனர். சரிவில் வழியும் நீர் வீணாகாமல் வாய்க்கால் வழியே தொட்டிகளிற் சேருமாறு செய்துள்ளனர். மழை மாதங்களில் பெருகும் நீரைக் காத்து, வறண்ட மாதங்களிலும் அம்மலையில் வாழ்ந்தவர்கள் அவர்கள்.

அக்குகைகளைச் செய்வித்தவர் மன்னர் மட்டுமே என எண்ணவேண்டா. வணிகர், பொற்கொல்லர், பிக்குணிகள், இல்லறத்தார் எனப் பலரும் தந்த தானங்கள் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒரு வரியை அறிந்த நாள்முதல் யாம் மறக்கவில்லை. கல்யாண் நகரத்துக் கொல்லர் நந்தர் என்பவர் ஒரு பாதையைத் தானமாகத் தந்தார் என்பதே அவ்வரியின் செய்தி. குகையன்று, சிலையன்று, பொன்னன்று, ஒரு பாதை. உலைக்களத்தில் இரும்படித்துக் கைகாய்த்த ஒரு தொழிலாளி, மலையேறி வருவோர் கால் இடறாமல் நடக்கட்டும் என்று பாதை அமைத்துக் கொடுத்தார். சங்கம் அவர் பெயரைக் கல்லிற் பொறித்து வைத்தது. கல்யாணிலிருந்து இன்றும் எத்தனை ஆயிரம் தொழிலாளர் நாள்தோறும் இரயிலேறி வருகின்றனர்! அவர்கள் மூதாதை ஒருவர் செய்த புண்ணியம் அது.

அந்த வரியே எமக்கு வழிகாட்டியது. மானின் வாயினின்றும் வந்த பையைக் கையில் பெற்றோம். அதற்கு ஈடு செய்யவேண்டும் அல்லவா? வனத்துறையாரிடம் முறைப்படி அனுமதி பெற்று, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்று பாதையைச் செப்பனிடுவதும், யாத்திரிகர் விட்டுச்செல்லும் குப்பையை அகற்றுவதும் நம் கடனாகட்டும் என்று கூட்டத்தில் ஒரு யோசனை கூறினோம்.

உடனே செம்பூரைச் சேர்ந்த சட்டம் பயிலும் இளைஞர் ஒருவர் எழுந்து நின்றார். "ஐயா, பிறர் குப்பையை அள்ளுக என்று நூற்றாண்டுகளாக நம்மை ஏவினார்கள். துடைப்பத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே வாருங்கள் என்று பாபாசாகேப் அழைத்தார். பகவான் புத்தரும் துப்புரவாளர் சுனீதரைக் கண்டபோது, இன்னும் நன்றாகப் பெருக்கு என்று சொல்லவில்லை. சங்கத்திற்கு வா என்றுதான் அழைத்தார். நீங்களோ மீண்டும் துடைப்பத்தைக் கையில் தருகின்றீர்கள். இதற்காகவா நாம் பௌத்தரானோம்?" என்று கேட்டார்.

கூட்டம் அமைதியாயிற்று. எமக்கும் உடனே விடை தோன்றவில்லை. அவ்வினா பொய்யான வினாவன்று. அதனை ஒரு மாதம் மனத்திற் சுமந்து திரிந்தோம். எமக்குத் தோன்றிய விடையை ஈண்டு உங்கள்முன் வைக்கின்றோம்.

யாம் படித்தவர் அல்லோம். நெசவாலையில் நூற்புப் பகுதியில் பதிலித் தொழிலாளியாகச் சேர்ந்து, ஆலை மூடப்படும் வரை கதிர்களுக்கிடையே நடந்தவர். அக்காலத்து முதிய தொழிலாளிகள் எமக்குச் சொன்ன செய்தி ஒன்றுண்டு. முற்காலத்து மும்பை ஆலைகளில் நம்மவர்க்கு நெசவுப் பகுதியில் இடமில்லை. ஏனெனில் நாடாவில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்கவேண்டும். நம்மவர் வாய்பட்ட நாடாவைப் பிற சாதியார் தொடமாட்டார்கள். நெசவில் கூலி மிகுதி. அக்கூலி நமக்கு எட்டாததாயிற்று. 1928-ஆம் ஆண்டின் பெரு வேலைநிறுத்தத்தின்போது பாபாசாகேப் அநீதியை எடுத்துக் காட்டி, நெசவுப் பகுதி நம்மவர்க்கும் திறக்கப்படவேண்டும் என்று வாதாடினார். இதிலிருந்து யாம் உணர்வது என்ன? நூற்பு இழிவுமன்று, நெசவு உயர்வுமன்று. 'இஃது உனக்கு, அஃது உனக்கில்லை' என்று பிறப்பினால் விதித்தானே, அவ்விதியே இழிவு.

துடைப்பத்திலும் இழிவு இல்லை. அதனை ஒருவன் கையில் மட்டும் கட்டிவைத்த கயிற்றிலேதான் இழிவு உள்ளது. விநய விதிகளைப் பாருங்கள். புதிதாக வந்த பிக்கு தான் தங்கும் விகாரம் அழுக்காயிருக்கக் கண்டால் அதனைத் தானே சுத்தஞ் செய்யவேண்டும். அரச குலத்தில் பிறந்தவர்க்கும் விலக்கில்லை. அம்பட்டராயிருந்த உபாலிக்குத் தனிக் கட்டளையுமில்லை. வயிற்றுக் கடுப்பினால் தன் மலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவைக் கண்டபோது, பகவான் தாமே நீர் வார்க்க, ஆனந்தர் கழுவ, இருவரும் அவரைத் தூக்கிப் படுக்கையிற் கிடத்தினர். சுனீதர் விட்டுவந்தது அடிமைத்தனத்தை. சேர்ந்தது எல்லோரும் பெருக்குகின்ற ஒரு சங்கத்தை.

ஏவல் வேறு, தானம் வேறு. மறுக்க முடியாதது ஏவல். மறுக்கும் உரிமை இருந்தும் மனமுவந்து தருவது தானம். கொல்லர் நந்தரைப் பாதை போடு என்று எவரும் பிறப்பினால் விதிக்கவில்லை. அவர் தந்தார், ஆகவே அவர் பெயர் கல்லில் நின்றது. ஏவலாகப் பெருக்கிய நம் பாட்டன்மார் பாட்டிமார் பெயரை எந்தக் கல்லும் அறியாது.

இவ்வாறு தெளிந்தபின் சில விதிகளை வகுத்துக்கொண்டோம். எவரையும் பணிக்கு நியமிப்பதில்லை. விரும்புவோர் தம் பெயரைத் தாமே எழுதுக. சங்கத்தின் பொறுப்பாளரும் பட்டம் பெற்றவரும் முதலில் குனிக. சாக்கை யாம் சுமப்போம். கையுறையின்றி எவரும் எதையும் தொடலாகாது. மாநகராட்சித் துப்புரவுப் பணியிலுள்ள நம்மவர் வந்தால், அவர் கையில் சாக்கைத் தரலாகாது. அவர் மரநிழலில் அமர்ந்து பறவைகளைப் பார்க்கலாம். உல்லாசத்திற்கு வருவோர் எறியும் குப்பையைப் பின்தொடர்ந்து பொறுக்குவது நம் வேலையன்று. 'உங்கள் பையை நீங்களே கொண்டு செல்லுங்கள்' என்று அவர்களைப் பணிவுடன் கேட்பதும் நம் தொண்டே.

முதல் மாதம் அவ்வாறு துப்புரவுப் பணியிலுள்ள சகோதரி ஒருவர் வந்தார். அமரச் சொன்னோம். அவர் சிரித்து, "பெருக்கமாட்டேன், கல் அடுக்குகின்றேன்" என்றார். இன்று எங்கள் குழுவில் நீர் வடியக் கல் பதிப்பதில் அவரை விஞ்சியவர் இல்லை. எம்மைப் போன்றோர்க்கு அவரே ஆசிரியர். அவ்விளைஞர் மூன்றாம் மாதம் வந்தார். "எனக்கு இன்னும் முழு உடன்பாடில்லை, ஐயா, ஆயினும் கல் சுமக்கின்றேன்" என்றார். உடன்படாதவரும் உடன் சுமக்கக் கூடிய இடமே சங்கம் எனப்படும்.

இப்பணி எத்தகையது என்பதைக் கூறுவோம். காட்டுப் பாதையைப் பேணுதல் என்றால் காட்டைப் பெருக்குதல் அன்று. உதிர்ந்த சருகு காட்டின் உணவு, விழுந்த மரம் பூச்சிகளின் வீடு, அவற்றைத் தொடலாகாது. பாதையின் முதற் பகைவன் நீர். ஆடி ஆவணியில் பெய்யும் மழை பாதையையே ஓடையாக்கி மண்ணை அரித்துச் செல்லும். ஆதலின் பாதைக்குக் குறுக்கே, சற்றுச் சாய்வாக ஒரு கல்வரிசையைப் பதிக்கவேண்டும். வருகின்ற நீர் அதில் மோதிப் பக்கத்துச் சரிவிற்கு வழிந்துவிடும். மழைக்கு முன்னும் பின்னும் அக்கல்லின் ஓரத்தில் தேங்கிய மண்ணை அகற்றவேண்டும். ஆலையில் கதிருக்கு எண்ணெய் இடுவது போன்றதே இதுவும்: நாள் தவறினால் நூல் அறும்.

பாதையின் இரண்டாம் பகைவன் குறுக்குவழி. சேற்றைக் கண்டு ஒருவர் ஓரத்தில் நடக்க, அவர் பின்னே நூறு பேர் நடக்க, ஓரடிப் பாதை பத்தடியாகும். நடுவேயுள்ள செடியெல்லாம் மாயும். அக்காட்டில் கார்வி என்றொரு செடியுண்டு. நம் குறிஞ்சிக்கு உறவு. எட்டாண்டுக்கு ஒருமுறை மலைச்சரிவெல்லாம் நீலநிறமாகப் பூத்து, விதை சிந்தி, மடிந்துவிடும். 2016-ஆம் ஆண்டில் அவ்வாறு பூத்தது. அவ்விதையினின்று முளைத்த கன்றை மிதித்தோமானால், இழப்பது ஒரு செடியையன்று, எட்டாண்டுக் காத்திருப்பை.

பகவான் வஸ்ஸம் எனப்படும் மழைக்காலத் தங்கலை விதித்தது எதனால்? மழைக்காலத்தில் பிக்குகள் நாடெங்கும் நடந்து பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதிக்கின்றனர் என்று மக்கள் குறை கூறினர். பகவான் அக்குறையைத் தள்ளிவிடவில்லை. ஏற்று, மூன்று மாதம் ஓரிடத்தில் தங்குமாறு பணித்தார். பிறர் சுட்டிக்காட்டிய குற்றத்தைத் திருத்திக்கொள்வது ததாகதரின் சங்கத்திற்கே தகுமானால், காவற்காரர் நீட்டிய பையை ஏற்றுத் திருந்துவது எமக்குத் தகாதோ?

அடுத்து, சிறுத்தையைப் பற்றி. சிலர் அஞ்சுகின்றனர், அச்சம் இயல்பே. 2004-ஆம் ஆண்டில் அக்காட்டைச் சூழ்ந்த குடியிருப்புகளில் சிறுத்தை தாக்கிப் பலர் மாண்டனர்; ஏழைகளின் குழந்தைகளும் அதிலுண்டு. அத்துயரத்தை எளிதாகப் பேசலாகாது. சிறுத்தையைப் பிடித்து வேறிடத்தில் விட்டால் தீருமென்று அக்காலத்தில் எண்ணினர். மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் ஆராய்ந்த வித்யா ஆத்ரேயா முதலிய அறிஞர்கள், அவ்வாறு கொண்டுபோய் விட்ட இடங்களில் தாக்குதல் மிகுந்ததைக் கண்டனர். 2011-இல் வனத்துறையாரும் ஆராய்ச்சியாளரும் நகரத்துத் தொண்டர்களும் சேர்ந்து, சிறுத்தையோடு அருகருகே வாழும் முறையை மக்களுக்குக் கற்பிக்கத் தொடங்கினர். அதன் சாரம் நம் தம்மமேயாகும். காரணம் இருந்தால் காரியம் தோன்றும். காரணம் நீங்கினால் காரியமும் நீங்கும். குப்பை குவிந்தால் நாய் பெருகும். நாய் பெருகினால் அதனைத் தேடிச் சிறுத்தை குடியிருப்பிற்கு வரும். இருளில் வெளியே தனியே சென்ற குழந்தை அதன் எதிர்ப்படும். இத்தொடரில் சிறுத்தையின்மேல் கோபங்கொண்டு ஆவதென்ன? குப்பையைத் தடுப்பதும், தெருவிளக்கும், வீட்டிற்குள்ளே கழிப்பிடமும் கேட்டுப் பெறுவதும் அத்தொடரை அறுக்கும்.

'போரிவலிக் காடு எங்கே, தாராவி எங்கே' என்று சிலர் கேட்கலாம். அக்காட்டு மழைநீர் சேரும் விஹார் ஏரி 1860-இலும் துளசி ஏரி 1879-இலும் இந்நகரத்தின் குடிநீருக்காகக் கட்டப்பட்டவை. விஹார், பொவாய் ஏரிகளின் வழிந்த நீரே மித்தி ஆறாகி, நம் தாராவியின் ஓரமாக மாஹிம் கழிக்குச் செல்கின்றது. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது அம்மித்தி பொங்கி நம் வீடுகளுக்குள் புகுந்ததை மறந்தோமா? மரமும் மண்ணும் நீரைத் தாங்குகின்ற வரைக்கும் ஆறு ஆறாயிருக்கும். ஆகவே மலையிற் பதிக்கும் ஒரு கல் நம் வாசற்படிக்கும் காவல்.

போரிவலிக்குச் செல்ல இயலாத முதியோரும் தாய்மாரும் வருந்தவேண்டா. தாராவியின் பக்கத்திலேயே மித்தியின் கரையில் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா உள்ளது. சுமார் 37 ஏக்கர். முன்பு அது நகரத்தின் குப்பைமேடு. பறவையறிஞர் சலீம் அலி மரக்கன்று நட, மண் கொட்டி, மரம் வளர்த்து, 1994-இல் மக்களுக்குத் திறந்தனர். குப்பைமேடு காடாகும் என்பதற்குத் தாராவியே சாட்சி. தாழ்ந்தது தாழ்ந்ததாகவே கிடக்கும் என்ற பேச்சை மனிதர் விஷயத்தில் மறுத்தவர்கள் நாம். மண் விஷயத்திலும் அதனை மறுக்கும் மரங்கள் நம் வீட்டருகே நிற்கின்றன.

இனி யாத்திரை செல்வோர்க்குச் சில சொற்கள். உணவைப் பாத்திரத்தில் கொண்டு செல்லுங்கள். கொண்டுபோனதைக் கொண்டு வாருங்கள். குரங்கிற்குப் பழங் கொடுப்பது தானமன்று; அதற்குப் பறிக்கும் பழக்கத்தைக் கற்பிப்பதாகும். குகைச் சுவரருகே மெழுகுவர்த்தி ஏற்றாதீர்கள். புகையும் மெழுகும் கல்லைக் கெடுக்கும், வைகாசி வெயிலிற் காய்ந்த புல்லில் ஒரு பொறி போதும். சுவரில் உங்கள் பெயரைக் கீறாதீர்கள். கொல்லர் நந்தரைப் போல் ஒன்றைத் தந்தவர் பெயர் மட்டும் அங்கு இருக்கட்டும்.

முடிவாக ஒன்று. பகவான் தம் ஞானத்தை விளக்க ஓர் உவமை கூறினார். காட்டில் அலைந்த ஒருவன் முன்னோர் நடந்த பழைய பாதையொன்றைக் காண்கின்றான். அதன் வழியே சென்று பாழடைந்த பழைய நகரத்தை அடைகின்றான். அரசனிடம் அறிவிக்க, நகரம் மீண்டும் தழைக்கின்றது. அவ்வாறே முன்னைப் புத்தர்கள் நடந்த பாதையைத் தாம் கண்டதாகவே பகவான் கூறினார். தாம் புதிதாகப் படைத்ததாகக் கூறவில்லை. தமிழ் நாட்டிலும் அப்பாதை ஒருகாலத்தில் இருந்தது, புதர் மூடியது. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் அப்புதரை விலக்கத் தொடங்கினார். 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் பாபாசாகேப் அதனை இலட்சக்கணக்கானோர் நடக்கும் அகலத்திற்குத் திறந்தார். திறந்தவர் சென்றுவிட்டார். பேணுவோர் இல்லாவிடில் எந்தப் பாதையும் ஒரு தலைமுறைக்குள் காடாகிவிடும். எண்வழி மார்க்கமும் அதற்கு விலக்கன்று.

ஆகவே, சகோதர சகோதரிகளே, வருகின்ற ஞாயிறு காலை ஆறு மணிக்கு மாஹிம் நிலையத்தில் காத்திருப்போம். பெயர் எழுதும் ஏடு இங்குள்ளது. எவரையும் அழைத்துக் கட்டாயப்படுத்தமாட்டோம். வருவோர் ஒரு பழைய சாக்கும், குடிக்க நீரும், தம் விருப்பமும் கொண்டு வருக.

எவ்வுயிரும் அச்சமின்றி நலம் பெறுக!

சாது! சாது! சாது!